அருள்மேரி டீச்சர் திருத்திய கோடு

போன மாதம் என் பழைய டிபார்ட்மெண்டிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள் ரேவதி. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரவேற்பு மேஜை வேலைக்குச் சேர்ந்த பெண். கதிர்வீச்சுப் பிரிவில், பெண்கள் உடை மாற்றும் அறையில் மாட்டியிருக்கும் ஆயில் பெயிண்டிங்கைப் போட்டோ எடுத்து, அதிலிருக்கும் பெண்ணின் மார்பில் குறுக்கே போகிற ஊதாக் கோட்டைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கீழே செய்தி: "மேடம், புது டாக்டர் பாத்துட்டு இந்தக் கோடு தப்பா இருக்கு, வெளிப்பக்கம் எறங்கிப் போயிருக்குன்னு சொல்றாங்க. வரைஞ்ச டீச்சர் நம்பர் ஒங்ககிட்ட இருக்கும்ல? திருத்திக் குடுப்பாங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

நான் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தக் கோடு ஏற்கெனவே ஒரு தடவை திருத்தப்பட்டிருக்கிறது. அதனால் எனக்குப் போன தூக்கம் கொஞ்சநஞ்சமல்ல. யாரும் பிரஷ்ஷோடு அந்தப் படத்தின் பக்கம் போக வேண்டாம், விவரமாக எழுதி அனுப்புகிறேன் என்று ரேவதிக்குப் பதில் போட்டேன். அவளும் அங்கே இருக்கிறவர்களும் படிக்கட்டும், வெளியே இருக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது அங்கே புது மிஷின் வந்துவிட்டது. கோடெல்லாம் கிடையாதாம், உடம்பில் மூன்று புள்ளிகள் குத்துகிறார்கள், மற்றதை மிஷினே படம் பிடித்துப் பார்த்துக்கொள்கிறதாம். அதனால் கோடு என்றால் என்ன என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ முடித்து, டாக்டருக்கு மார்க் பத்தாமல், சென்னையில் கதிர்வீச்சு டெக்னீஷியனுக்கான இரண்டு வருஷ டிப்ளமோ படித்தேன். விடுதியின் தண்ணீர்ச் சாம்பாரைத் தவிர அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தொழில் கற்றது புதுக்கோட்டைக்கு வந்த பிறகுதான். ஓர் அறக்கட்டளை நடத்திய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். வல்லத்திராக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, எட்டரைக்குக் கதிர் கொடுக்கிற கோபால்ட் மிஷினை ஆன் பண்ணுவேன். ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வண்டியில் இடம் பிடித்து வருகிறவர்கள் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இதுதான் என் காலை நேரம்.

கதிர் கண்ணுக்குத் தெரியாது. சுடாது, சத்தம் போடாது. அது எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்று சொல்வதற்கு எங்களிடம் இருந்தது மைதான். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஊதா மையில் தொட்டு, நோயாளியின் தோலில் பெட்டி பெட்டியாகக் கோடு போடுவோம். மிஷினிலிருந்து ஒரு வெளிச்சம் அந்தப் பெட்டி அளவுக்கு வந்து விழும். வெளிச்சத்தின் ஓரமும் மைக்கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் கனமான கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பட்டனை அழுத்தலாம். "அசையாதீங்க, மூச்சு சாதாரணமா விடுங்க" என்று மைக்கில் சொல்வேன். என் பிள்ளைகளிடம் பேசியதைவிட அந்த வாக்கியத்தைத்தான் நான் அதிகம் பேசியிருக்கிறேன்.

என் கை நல்ல கை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நோயாளியைப் பலகையில் படுக்க வைத்து இரண்டு நிமிஷத்தில் பொருத்திவிடுவேன். மற்றவர்கள் ஐந்து நிமிஷம் தடவிக்கொண்டிருப்பார்கள். அந்த வேகம்தான் பின்னால் என் காலை வாரியது.

எங்களுக்கு மேலே கோதண்டபாணி சார் இருந்தார். மெடிக்கல் பிசிசிஸ்ட். டாக்டர் எந்த இடத்துக்குக் கதிர் வேண்டும் என்று சொல்வார், அது எந்தக் கோணத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்று கணக்குப் போடுவது சார். குள்ளமான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் எப்போதும் இருக்கும். நாங்கள் அளந்ததை அவர் மறுபடி அளப்பார். அவர் அளந்ததை எங்களை அளக்கச் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "இருக்கும் சார்" என்று எதையாவது சொன்னால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இருக்குமா, இருக்கா?" என்று கேட்பார். அவருடைய பேச்சில் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடிக்க எனக்கு வருஷக்கணக்கானது. நல்லது நடந்தால் "நீங்க செஞ்சீங்க" என்பார். தப்பு நடந்தால் "நாம செஞ்சுட்டோம்" என்பார்.

இனி டீச்சர். அருள்மேரி, ஆவூர்க்காரர், அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கணவர் குவைத்தில், மகள் திருச்சியில் விடுதியில் படிக்கிறாள். டீச்சருக்கு வலது மார்பில் கட்டி வந்து, மார்பை எடுத்தாகிவிட்டது. ஊசி மருந்தும் முடிந்து, தலையில் முடி அரை அங்குலம் முளைத்திருந்த சமயத்தில் எங்களிடம் இருபத்தைந்து நாள் கதிருக்கு வந்தார். முதல் நாள் எல்லாரும் வலிக்குமா, முடி மறுபடி கொட்டுமா என்று கேட்பார்கள். அவர் வலது கையை நீட்டி, "இதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கைதான் அவருடைய வேலை. ஒன்றும் ஆகாது டீச்சர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

அவருக்கு இரண்டு பெட்டிகள். கழுத்துக்கும் காறை எலும்புக்கும் ஒன்று, அதற்குக் கீழே மார்புக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரே கோடு, நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை குறுக்கே போகும். வயலுக்கு வரப்பு மாதிரி. மேல் பெட்டியின் கதிர் அந்தக் கோட்டோடு நிற்க வேண்டும், கீழ்ப் பெட்டியின் கதிர் அந்தக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அந்த இடத்துக்கு இரட்டிப்புக் கதிர் போய்விடும். அக்குள் பக்கம் தோலுக்கு அடியில் கைக்குப் போகிற நரம்புக் கத்தை ஓடுகிறது. அங்கே அதிகமாகப் போனால் கை மரத்து, விரல்கள் பிடி இழக்கலாம். இதையெல்லாம் டீச்சரிடம் நான் சொல்லவில்லை. அப்போது யாரிடமும் சொல்கிற வழக்கம் இல்லை.

கோடு போடும்போது நோயாளி மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருப்பார். டீச்சர் படுத்தபடியே என் தீக்குச்சியை ஓரக்கண்ணால் பார்த்து, இப்படி வரைந்தால் என் பிள்ளைகளுக்கு முட்டை மார்க்குதான் என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. சோப்புப் போடக் கூடாது, தேய்க்கக் கூடாது, மங்கினால் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன். கோட்டை நீங்களே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. கோட்டை அழித்துக்கொண்டு வந்த நோயாளிகள் நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். திருத்திக்கொண்டு வருவார் ஒருவர் என்று நான் நினைத்ததே இல்லை.

பத்து நாள் ஒழுங்காகப் போனது. பதினோராம் நாள் திங்கட்கிழமை, மறுநாள் செவ்வாய், இரண்டு நாளும் கூட்டம். மேல் பெட்டியை அதன் நடுப்புள்ளியை வைத்துப் பொருத்தினேன். கீழ்ப் பெட்டியைக் குறுக்குக் கோட்டை வைத்துப் பொருத்தினேன். கடைசியாக, மேல் பெட்டியின் வெளிச்சம் குறுக்குக் கோட்டில் இரண்டு முனையிலும் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் நடு நெஞ்சு முனையைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அக்குள் பக்கத்து முனையைப் பார்க்கவில்லை. ஒரு முனை சரியென்றால் மறுமுனையும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் முப்பது வருஷக் கையின் திமிர்.

புதன்கிழமை மங்கிய கோடுகளுக்கு மறுபடி மை போடுகிற நாள். தீக்குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றேன். எங்கள் கோடு பஞ்சில் போட்டது, ஓரம் கசிந்து, ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்துதான் இருக்கும். இது தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கனத்தில் இருந்தது. எங்கள் டிபார்ட்மெண்டில் யாருக்கும் இவ்வளவு நல்ல கை கிடையாது.

"டீச்சர், இந்தக் கோடு யாரு போட்டது?"

"நாந்தான் சிஸ்டர். ஞாயித்துக்கெழம வேர்வையில மங்கிப் போச்சு. கண்ணாடில பாத்தா வெளிப்பக்கம் வேற எறங்கிக் கெடந்துச்சு. எனக்குச் சகிக்கல. நேராக்கிட்டேன். கலர் தெரியுதா? வயலட்டுல ஒரு சொட்டு ரோஸ் கலந்தா ஒங்க மை அப்படியே வந்துருது."

பெருமையோடுதான் சொன்னார். பெருமைப்படவும் நியாயம் இருந்தது. நானும் இரண்டு நாள் ஏமாந்திருந்தேனே.

கண்ணாடிக்கு முன்னால் அவர் கையைத் தொங்கவிட்டு நின்றிருக்கிறார். கையைத் தூக்கிப் படுத்த நிலையில் நேராகப் போட்ட கோடு, எழுந்து நின்று கையை இறக்கினால் அக்குள் பக்கம் தோலோடு சேர்ந்து கீழே இறங்கும். எல்லாருக்கும் அப்படித்தான். மற்றவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும் ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்டது என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் போட்ட கோட்டைத் திருத்தித் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அது முடியவில்லை. வெளிமுனையை மேலே ஏற்றி நேராக்கிவிட்டார். இப்போது கையைத் தூக்கிப் படுத்ததும் அந்த முனை இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே போயிருந்தது. கீழ்ப் பெட்டி மேல் பெட்டிக்குள் ஏறி இரண்டு நாளாகிவிட்டது.

அன்றைக்குக் கதிர் கொடுக்காமல் அவரை உடை மாற்றிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு சாரின் அறைக்கு நடந்தேன். இருபதடி தூரம் இருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பழையபடி கோடு போட்டால் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது, அதோடு சாரின் கதவையும் தட்டினேன்.

எத்தனை நாள் என்று கேட்டார். இரண்டு என்றேன். வெளிமுனையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றார். ஒரு சென்டிமீட்டர் இருக்கும் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். வாக்கியத்தை அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஸ்கேலுக்குக் கையை நீட்டினேன். டீச்சரை மறுபடி படுக்க வைத்து அளந்தோம். பன்னிரண்டு மில்லிமீட்டர். சார் அறைக்குத் திரும்பி, ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு அரை மணி நேரம் கணக்குப் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார், முடியவில்லை.

"நாம அந்த எடத்துல ரெண்டு நாள் கூடக் குடுத்துட்டோம்" என்றார். "இனிமே ரெண்டு நாள் அந்தக் கீற்றை மட்டும் ஈயத்தால மறைச்சுக் குடுத்தா பெரும்பாலும் ஈடாயிரும்."

"நரம்புக்கு சார்?"

"பயப்படுற அளவுக்கு இல்ல. ஆனா இல்லவே இல்லைன்னு என்னால எழுதித் தர முடியாது. வந்தா இப்ப வராது. வருஷம் கழிச்சு வரும்." கணக்குக் காகிதத்தை மடித்துக்கொண்டே, "டாக்டர்கிட்ட நான் சொல்லிர்றேன். அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். இரண்டு பெட்டி, நடுவில் கோடு, ஏறியது எவ்வளவு, இனி என்ன செய்யப் போகிறோம் என்று எல்லாம் சொன்னேன். பார்க்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். டீச்சர் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. போனை எடுக்கவில்லை.

கதிர் வைத்தியத்தை நடுவில் நிறுத்துவது நோய்க்கு வாசலைத் திறந்து வைப்பது. அதுவும் அவர் வயதுக்கு, அவருக்கு வந்த கட்டிக்கு. சனிக்கிழமை நான் ஆவூருக்குப் பஸ் ஏறினேன். அனுப்பி வைத்தது சார் இல்லை. என் மனசு கிடந்து அடித்துக்கொண்டதால் போனேன். கோயில் தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்தவர் வாங்க என்று மட்டும் சொன்னார். கூடத்தில் மேஜை நிறையப் பழைய கேள்வித்தாள்கள். எல்லாவற்றின் பின்பக்கத்திலும் வட்டங்கள். காம்பஸ் இல்லாமல், கையாலேயே போட்ட வட்டங்கள், ஒரு தாளுக்கு ஐம்பது அறுபது இருக்கும். மூன்று நாளாக வட்டம் போட்டுத் தன் கையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தனையும் ஒரே அச்சாக இருந்தன.

"இன்னைக்கு வட்டம் வருது சிஸ்டர். நாளைக்கு வருமான்னு சொல்லுங்க."

வரும் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. முதல் நாள் யோசிக்காமல் சொன்ன அதே வார்த்தைதான். சார் சொன்னதைச் சொன்னேன், பெரும்பாலும் வரும், ஆனால் சத்தியம் பண்ண முடியாது என்று. அவர் கோபப்படவில்லை. திருத்தியது நான்தானே, உங்களை என்ன சொல்ல என்றார். நீங்கள் திருத்துவீர்கள் என்று தெரியாமல் இருந்தது என் தப்பு, திருத்தியதைப் பார்க்காமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு என்றேன். இப்படியே தப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் சொன்னார்:

"எனக்குப் புரியாத கோட்ட இனிமே என் ஒடம்புல போட விடமாட்டேன். நேராப் போட்டது எப்புடி கோணலாகும்? அதைச் சொல்லுங்க, வாரேன்."

வாயால் சொன்னால் புரிகிற விஷயமில்லை அது. சன்னலைச் சாத்தச் சொன்னேன். சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, ஜாக்கெட்டைத் தளர்த்தி வலது தோளை விலக்கிக்கொண்டு, அவருடைய கட்டிலில் மல்லாந்து படுத்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். உங்கள் பிரஷ்ஷை எடுத்து என் நெஞ்சிலிருந்து அக்குள் வரை நேராக ஒரு கோடு போடுங்கள் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தில் வயலட்டையும் ரோஸையும் குழைத்தார்.

இத்தனை வருஷத்தில் நான் அந்த நிலையில் படுத்ததே இல்லை. தோள் எப்படி வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரஷ் முனை பட்டதும் தோல் கூசி நெளிந்தேன். அசையாதீங்க என்றார் டீச்சர், வகுப்பில் சொல்கிற குரலில். கோடு போட்டு முடித்ததும் எழுந்து நின்றேன். கையை மெதுவாக இறக்கினேன்.

அவர் கண்ணெதிரே, அவர் கையால் போட்ட கோடு, வெளிமுனையில் சரிந்து கீழே இறங்கியது. கையைத் தூக்கினேன், நேரானது. இறக்கினேன், சரிந்தது. நாலைந்து தடவை செய்து காட்டினேன். அவர் பக்கத்தில் வந்து, விரலால் அந்தச் சரிவைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் மூன்று நாள் இருட்டு விலகி, புதிதாக ஒன்றைக் கண்டுகொண்ட ஓவியரின் ஆசை வந்ததை நான் பார்த்தேன். அப்படியே நில்லுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பெரிய நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் நின்றேன். கை தூக்கியபடி கொஞ்சம், இறக்கியபடி கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம். மூன்று மணி பஸ் போய்விட்டது. ஒருவரை இருபத்தைந்து நாள் அசையாமல் படுக்கச் சொல்கிறவள் ஒரு மணி நேரம் நிற்கக் கூடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் அவரைக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தில் இரண்டு பெட்டி வரைந்து, மறைப்பு எங்கே வரும் என்று தானே விளக்கினார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒங்க பெட்டி கோணலா இருக்கு சார் என்றார். சார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மிச்ச நாள்களில் தோல் கறுத்து உரிந்தது, அக்குள் புண்ணாகிக் காற்றுப் பட்டாலே எரிந்தது. ஒரு நாள்கூட நிறுத்தாமல் வந்து முடித்தார். குறுக்குக் கோட்டின் இரண்டு முனையையும் நான் பார்த்தேன், பிறகு சார் பார்த்தார், பிறகு டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

அந்த நோட்டில் போட்டதை வைத்து அவர் வரைந்த படம் எட்டு மாசம் எடுத்தது. மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸ். புண் ஆறிய பிறகுதான் ஆரம்பித்தார். ஒரே மூச்சில் வேலை செய்தால் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை வீங்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால் ஒரு நாளைக்கு அரை மணி. முதலில் முழுக் கேன்வாஸுக்கும் செம்மண் நிறம் பூசி, அது காய்ந்ததும் உடம்பு. தழும்புக்கு மட்டும் மூன்று வாரம். வெட்டின இடம் பளபளக்கும், தைத்த இடம் பளபளக்காது, அந்த வித்தியாசம் எண்ணெய் வண்ணத்தில் சுலபமாக வராது என்று போனில் விளக்குவார். எனக்கு அதில் பாதி புரியாது. அவர் பிரஷ் பிடிக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

ஐந்தாவது மாசம் ஒரு மத்தியானம் போன் வந்தது. "சிஸ்டர், மோதிர வெரலும் சுண்டு வெரலும் மரத்துப் போன மாதிரி இருக்கு." மறுநாள் காலை அவரை வரச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். குத்திப் பார்த்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள், நரம்புப் பரிசோதனைக்குத் திருச்சிக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாலு நாளானது. அந்த நாலு நாளும் யாருக்கும் மூன்று தடவை பார்க்காமல் நான் மிஷினைப் போட்டதில்லை. நரம்பில் ஒன்றுமில்லை என்று வந்தது. விசாரித்தால், அரை மணி என்ற கணக்கை அன்றைக்கு அவர் விட்டுவிட்டாராம். நாலு மணி நேரம் முழங்கையை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு தழும்பை வரைந்திருக்கிறார். நான் அவரைத் திட்டியது மாதிரி என் சொந்தத் தங்கையைக்கூடத் திட்டியதில்லை.

படம் முடிந்து, பழைய சேலையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு பெண். முகம் இல்லை. கையைத் தொங்கவிட்டு நிற்கிறாள். வலது மார்பு இருந்த இடத்தில் தழும்பு. அதற்கு மேலே ஊதாக் கோடு, நடு நெஞ்சில் நேராகத் தொடங்கி அக்குள் பக்கம் சரிந்து இறங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அது டீச்சரின் உடம்பு என்றே நினைத்தார்கள். தழும்பு மட்டும்தான் அவருடையது. தோளும் காறை எலும்பும் அதன் கீழே உள்ள மச்சமும் என்னுடையவை. இதை நான் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொன்னதில்லை, ரேவதி, நீதான் முதலில் தெரிந்துகொள்கிறாய். ஆஸ்பத்திரி ஆண்டு விழாவுக்கு வந்த என் வீட்டுக்காரர் மட்டும் திறந்திருந்த கதவு வழியாக ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டு, வீட்டுக்கு வருகிற வரைக்கும் பேசவே இல்லை.

திறந்த மார்பை எங்கே மாட்டுவது என்று நிர்வாகத்தில் தயங்கினார்கள். பெண்கள் உடை மாற்றும் அறையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று சார்தான் சொன்னார். அதோடு ஒரு விதியையும் எழுதினார். கோடு போட்டு முடித்ததும் ஒவ்வொரு நோயாளியையும் அந்தக் கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நிறுத்த வேண்டும். படத்தைக் காட்டி, இப்படித்தான் சரியும், இதுதான் சரி, திருத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டும். டெக்னீஷியன் இரண்டு முனையையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் திருத்திக்கொண்டு வரவில்லை. புது மிஷினுக்குக் கோடு வேண்டாம் என்பதால் படமும் வேண்டாம் என்றால், அது உங்கள் இஷ்டம். அந்தப் படத்துக்கு முன்னால் சேலையைச் சரிசெய்துகொண்டு, இந்தம்மாவுக்கும் எனக்கு மாதிரித்தான் என்று சொன்ன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எடுப்பதற்கு முன்னால் நீங்களும் ரெண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

வருஷம் கழித்து வரும் என்று சார் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. டீச்சர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வருவார். டாக்டர் பார்த்து முடித்ததும் என் அறைக்கு வந்து உட்காருவார். ஊர்க்கதை பேசிக்கொண்டே நான் என் இரண்டு விரலை நீட்டுவேன். அவர் வலது கையால் பிடித்து அழுத்துவார். ஏன் என்று நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அவர் போன பிறகு, போன தடவையைவிடப் பிடி குறைந்திருக்கிறதா என்று உட்கார்ந்து யோசிப்பேன். சில தடவை குறைந்த மாதிரியே இருக்கும். அடுத்த செக்கப் வரைக்கும் அந்த நினைப்பு கூடவே வரும்.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் அவருக்கு ஐந்தாம் வருஷச் செக்கப் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறைக்கு வந்து உட்கார்ந்தவரிடம் மேஜையைக் காலி செய்துகொண்டே விரலை நீட்டினேன். பிடித்தார். அழுத்தினார். இன்னும் அழுத்தினார். மோதிரம் எலும்பில் குத்தியது.

"டீச்சர், வலிக்குது. விடுங்க."

"தெரியட்டும்னுதான்" என்றார். விடவில்லை.